மய்யழிக் கரையில் எங்கள் கூடாரம்

கோடை விடுமுறை என்ற சொல்லுக்கு வெளியூர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக ஒரே பொருள்தான் வழங்கி வந்தது. ஊருக்குப் போவது என்பதே அப்பொருள். கடற்கரையில் தங்கிக் களித்து வருவோர் வேறு வகையினர் என்றே நம் வீடுகளில் எண்ணியிருந்தோம். அவ்வாறிருக்க, கல்பாத்தி அக்ரகாரத்துக் குடும்பம் ஒன்று, பதினைந்து ஆண்டுகள், மே மாதந்தோறும் ஒரு பழைய கித்தான் கூடாரத்தைச் சுமந்துகொண்டு பிரெஞ்சுக் கடற்கரைக்குப் போய் வந்தது என்றால் இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மை. அந்தக் கரை ஐரோப்பாவில் இல்லை. வடகரைக்கும் தலச்சேரிக்கும் நடுவே, ஒன்பது சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அடங்கிவிடும் மாஹேதான் அது. மலையாளிகள் அதனை மய்யழி என்பார்கள்.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். இன்று மூன்று நகரங்களில் வாழ்கிறோம். எங்கள் தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்தவர். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று எங்கள் ஊரைப் பெருமையாகச் சொல்வதுண்டு. விசுவநாதசுவாமி கோயிலின் படிக்கட்டில் இறங்கினால் ஆறு. அந்த ஆற்றில் குளித்து, அந்த ஆற்றங்கரையில் விளையாடி வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்துப் பொருளாகவே இருந்தது. பாட்டியோ எழுபது வயது வரையில் கடலைக் கண்ணால் கண்டதில்லை. கல்பாத்தியாறு பறளியில் கண்ணாடியாற்றோடு கூடிப் பாரதப்புழை ஆகிறது என்றும், அது பொன்னானியில் கடலில் விழுகிறது என்றும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவ்வளவுதான்.

கடலைப் பற்றிய ஆசையை எங்களுக்கு மூட்டியது கடலன்று, பாலக்காட்டுக் கோட்டை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தந்தையார் எங்களை அங்கே அழைத்துச் செல்வார். 1766-ஆம் ஆண்டில் ஹைதர் அலி எழுப்பிய கோட்டை அது. அகழியின் ஓரத்தில் எங்களை உட்கார்த்தி வைத்து, "இந்தக் கோட்டைக்கும் மாஹேக்கும் ஓர் உறவு உண்டு, தெரியுமா?" என்று தொடங்குவார். ஹைதருக்குப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து போர்த் தளவாடங்கள் வந்து இறங்கிய துறை மாஹே. 1779-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். தம் பாதுகாப்பில் உள்ள துறையில் கைவைத்ததாகக் கருதிச் சினந்த ஹைதர், மறு ஆண்டே கர்நாடகத்தின் மீது படை நடத்தினார். அந்தப் போர் முடிவதற்குள், 1783-இல், ஆங்கிலப் படை எங்கள் கோட்டையையும் பிடித்தது. கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் மூண்ட தீ மலைக் கணவாயைக் கடந்து எங்கள் வாசல் வரையில் வந்த கதையைக் கேட்டுக் கேட்டு, அந்த ஊரைக் காணவேண்டும் என்ற வேட்கை எங்களுள் வளர்ந்தது.

1976-ஆம் ஆண்டு ஏப்ரலில், கோயம்புத்தூரில் நடந்த ஓர் ஏலத்தில் தந்தையார் பழைய இராணுவக் கூடாரம் ஒன்றை எடுத்து வந்தார். அதை வாசலில் விரித்து உலர்த்தியபோது அக்ரகாரமே கூடிவிட்டது. "வீடு வாசல் இல்லாதவாளா நீங்கள்?" என்று கேட்டவர் உண்டு. "மாஹேயில் சாராயக் கடைகள்தானே அதிகம்? குழந்தைகளை அங்கேயா கூட்டிப் போவது?" என்று கவலைப்பட்டவரும் உண்டு. பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். இரவில், "எனக்கெதுக்குடா இந்தப் பிராயத்திலே கூடாரம்? ஆனாலும் சமுத்திர ஸ்நானம் பண்ணணும்னு ஒரு ஆசை உண்டு" என்றாள். அவளுடைய பாத்திரங்கள் தனி, அடுப்பு தனி, தண்ணீர் தனி என்று மூன்று நிபந்தனைகள். தந்தையார் மூன்றுக்கும் இசைந்தார்.

மங்களூர் செல்லும் வண்டியில் ஒலவக்கோட்டில் ஏறினோம். அன்று அந்த நிலையத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். பாலக்காடு ஜங்ஷன் என்ற பெயர் எங்கள் நாவில் வரப் பல ஆண்டுகள் ஆயின. ஷொர்ணூரைக் கடந்தபின் ஆறு எங்களோடு உடன் வந்தது. பட்டாம்பி, குற்றிப்புறம் என்று நிலையங்கள் மாறின; மணல் திட்டுகளுக்கிடையே நீர் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் அது பொன்னானியை நோக்கி விலகிச் செல்ல, வண்டி வடக்கே திரும்பியது. நண்பகலுக்கு முன்னர் மாஹே நிலையத்தில் இறங்கினோம். வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையம் மாஹே மண்ணில் இல்லை. கேரளத்தின் அழியூரில் இருக்கிறது.

தந்தையாரின் அலுவலக நண்பர் ஒருவருக்கு ஊரின் தெற்கு எல்லையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே கூடாரம் அடித்தோம். எல்லைக்கல் எங்கே என்று விசாரித்து வந்த தந்தையார், "இந்த முளை கேரளத்தில், அந்த முளை புதுச்சேரியில். இன்றிரவு நீங்கள் தலையை ஓர் அரசாங்கத்திலும் காலை மற்றோர் அரசாங்கத்திலும் வைத்துத் தூங்கப் போகிறீர்கள்" என்றார். எங்களுக்கு அது பெரிய விந்தையாக இருந்தது. எவர் எந்தப் பக்கம் படுப்பது என்று சண்டையிட்டோம்.

மாலையில் பாட்டியைக் கடலுக்கு அழைத்துச் சென்றோம். அவள் அலை தொடும் இடத்துக்குப் பத்தடி இப்பால் நின்றுவிட்டாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தந்தையாரிடம், "ஏண்டா, இத்தனையும் நம்ம ஆத்துத் தண்ணிதானா?" என்று கேட்டாள். தந்தையார் சிரிக்கவில்லை. "கொஞ்சம் நம்மாத்துதும் இருக்கும்மா" என்றார்.

அந்த நான்கு நாள்களும் அவற்றைப் பின்பற்றிய பதினான்கு கோடைகளும் எங்கள் நினைவில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மண்ணெண்ணெய் அடுப்பில் அம்மா செய்த மொளகூட்டல், பாட்டியின் வடுமாங்காய், கொண்டாட்டம், தகர டப்பாவில் நேந்திரங்காய் வறுவலும் சக்கவரட்டியும், சோற்றில் எப்படியோ புகுந்துவிடும் மணல். விடியற்காலையில் மீன்பிடித் தோணிகள் திரும்பும் ஓசை எங்களை எழுப்பும். பகலில் ஒவ்வொரு நாளும் ஓர் ஊர் என்று தந்தையார் அட்டவணை இட்டிருப்பார்.

முதல் நாள் மாஹே. ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் தாகூர் பூங்கா இருக்கிறது. அங்கே மரியான் என்னும் பெண்ணுருவச் சிலையைக் காணலாம். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நினைவாக 1889-இல் வைத்தது. சுதந்திரத்தின் வடிவமாகப் பிரெஞ்சுக்காரர் போற்றும் அந்த மங்கை, தாம் ஆண்ட மக்களின் ஊரில் அந்த அரசே நாட்டிய சிலை என்பதை எண்ணித் தந்தையார் புன்னகை செய்வார். சற்றுத் தள்ளி, 1736-இல் தோன்றிய புனித தெரேசா தேவாலயம். அக்டோபர் மாதத் திருவிழாவின்போது எல்லா மதத்தினரும் அங்கே திரள்வார்கள்.

மறுநாள் தலச்சேரி. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்தான். 1708-இல் ஆங்கிலக் கும்பெனியார் அங்கே கோட்டை கட்டினர். 1721-இல் பிரெஞ்சுக்காரர் மாஹேயில் வந்து இறங்கினர். நடுவே ஓர் ஆறு. இருவர் கண்ணும் மிளகின்மேல். மாஹே 1761-இலும் 1779-இலும் 1793-இலும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நெப்போலியன் வீழ்ந்த பின்னரே பிரெஞ்சுக்காரரிடம் நிலையாகத் திரும்பியது. அதே தலச்சேரியில் இல்லிக்குன்று என்னும் இடத்தில் ஹெர்மன் குண்டர்ட் வாழ்ந்த மாளிகை உள்ளது. அவர் தொகுத்த மலையாள அகராதி 1872-இல் வெளிவந்தது. கோட்டைகளைக் காட்டிலும் அந்த வீட்டில்தான் தந்தையார் அதிக நேரம் நிற்பார். "பீரங்கி வைத்தவன் போய்விட்டான், சொல் வைத்தவன் இருக்கிறான்" என்பார். வேறொரு நாள் கண்ணூர் சென்று, 1505-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய செயின்ட் ஏஞ்சலோ கோட்டையின் மதில்மேல் அமர்ந்து கட்டுச்சோறு உண்போம். இன்னொரு நாள் தெற்கே இரிங்கல். சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களின் இடம் அது.

எங்களுள் மூத்தவருக்கு மலையாள இலக்கியத்தில் பற்று உண்டு. எம். முகுந்தனின் 'மய்யழிப்புழையுடெ தீரங்ஙளில்' என்னும் நாவல் 1974-இல் வெளிவந்தது. அதனை அவர் கூடாரத்துக்குள் லாந்தர் வெளிச்சத்தில் படித்துச் சொல்வார். கடலில் நிற்கும் வெள்ளியாங்கல் என்னும் பாறையில் ஆன்மாக்கள் தும்பிகளாகத் திரிகின்றன என்று அந்நாவலில் வருகிறது. அதைக் கேட்ட மறுநாள் முதல், பாட்டி தும்பி பிடிக்க எங்களை விடவில்லை.

மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, பருவமழைக்கு முந்தைய இடிமழை ஒன்று நள்ளிரவில் எங்களைத் தாக்கியது. கயிறுகள் அறுந்தன, கித்தான் எங்கள்மேல் சரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து விளக்கோடு ஓடி வந்தவர் ஒரு முதியவர். எங்கள் எல்லோரையும் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்றார். பாட்டியின் மடிப்புடவை நனைந்து சொட்டியது. அவ்வீட்டுப் பெண்கள் துவைத்த முண்டு ஒன்றைக் கொணர்ந்து நீட்டினார்கள். வாழ்நாளில் பிறர் வீட்டுத் துணியைத் தொடாதவள் பாட்டி. ஒரு கணம் தயங்கினாள். பிறகு வாங்கி உடுத்துக்கொண்டு, திண்ணை மூலையில் அமர்ந்து விடியும்வரை ஜபம் செய்தாள். மறு ஆண்டு முதல் அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜாடி வடுமாங்காய் எங்களோடு பயணம் செய்தது.

அன்றிரவு உறக்கம் வராமையால் முதியவர் தம் கதையைச் சொன்னார். பிரெஞ்சு ஆட்சியில் எழுத்தராக இருந்தவர் அவர். 1954 ஜூலையில், ஐ. கே. குமாரன் தலைமையில் மக்கள் திரண்டு வந்ததையும், ஜூலை 16-ஆம் நாள் பிரெஞ்சு நிர்வாகி கப்பலேறியதையும் கண்ணால் கண்டவர். எஞ்சிய பிரெஞ்சுப் பகுதிகள் அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவிடம் வந்தன. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். கொடாதவர் இந்தியர் ஆவார் என்பது அதன் விதி.

"என் தமையன் எழுதிக் கொடுத்தான். பாரிசுக்குப் போய்விட்டான். நான் கொடுக்கவில்லை. ஆறு மாதமும் நாங்கள் இதே திண்ணையில்தான் படுத்திருந்தோம். ஒருவரும் தூங்கவில்லை" என்றார் முதியவர்.

தந்தையார் சிறிது நேரம் மழையைப் பார்த்திருந்தார். "எங்களை ஒருவரும் கேட்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் காலையில் எழுந்தபோது சென்னை இராச்சியத்து மலபார் ஜில்லா கேரளம் ஆகியிருந்தது. படுத்த பாய் அதேதான்" என்றார்.

"கேட்காமல் விட்டதே நல்லது. கேட்டால் ஒரு வீடு இரண்டாகிவிடும்" என்றார் முதியவர்.

அந்தச் சொல்லின் ஆழம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். மய்யழி மக்கள் மலையாளிகள். அவர்களுடைய அரசோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், தமிழ் வழங்கும் புதுச்சேரியில் இருக்கிறது. நாங்கள் தமிழர், பல தலைமுறைகளுக்கு முன் தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து கணவாய் வழியே வந்து குடியேறியவர்கள். எங்கள் அரசு அலுவல்களோ மலையாளத்தில் நடக்கின்றன. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதைப் போல, அவர்களிடம் எங்கள் நிலையையே தலைமாறிக் கண்டோம். எல்லைகள் வீடுகளின் மீது வந்து போகின்றன. வீட்டுக்குள் இருப்பவர் பேசும் மொழியையும் உண்ணும் உணவையும் அவை மாற்றிவிடவில்லை. அவற்றை மாற்றும் ஆற்றல் வேறொன்றுக்கு உண்டு. நாமே கதவைப் பூட்டிக்கொண்டு வெளியேறுவது.

நாங்கள் வெளியேறினோம். ஒருவர் பம்பாய்க்கும், ஒருவர் தில்லிக்கும், ஒருவர் சென்னைக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோம். ஆயினும் மே மாதத்தில் கல்பாத்தியில் கூடி, கூடாரத்தோடு மாஹே செல்வது தொடர்ந்தது. பாட்டி மறைந்தபின் அவளுடைய அடுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். 1990-ஆம் ஆண்டு மே மாதம், முகத்துவாரத்தில் சூரியன் விழுவதைப் பார்த்திருந்தபோது, தந்தையார் எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "எனக்கப்புறம் கல்பாத்தி ஆத்துக் கதவை உங்க மூணு பேர்லே யார் தொறப்பேள்?"

நாங்கள் மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுள் ஒருவர், திரும்பிப் போகும் வண்டிக்கு இருக்கை பதிவாகிவிட்டதா என்று வேறு பேச்சை எடுத்தார். தந்தையார் அந்தப் பேச்சுக்கு விடை சொன்னார். தம் கேள்வியை மறுமுறை கேட்கவே இல்லை. அடுத்த ஆண்டு முழங்கால் வலி என்று மாஹே வரவும் மறுத்துவிட்டார். 1997-இல் அவர் காலமானார். வீடு ஆறு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. உத்தரத்தில் கரையான் ஏறியது. 2003-இல் விற்றோம்.

விற்றது குற்றம் என்று கூற நாங்கள் வரவில்லை. வெளியூரில் வேரூன்றிய எத்தனையோ குடும்பங்கள் செய்ததையே நாங்களும் செய்தோம். எங்களை உறுத்துவது வேறு. அந்த முதியவருக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. எழுதிக் கொடாமையாலேயே அவர் தம் விடையைத் தெரிவித்தார். எங்களுக்கு ஏழு ஆண்டுகள் அவகாசம் இருந்தது. 'எங்களால் இயலாது, அப்பா' என்றாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதனை ஏற்கும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. அதைச் சொல்லும் நெஞ்சுரம் எங்களுக்குத்தான் இல்லை.

இப்பொழுதும் ஐப்பசிக் கடைசியில் தேர்த் திருவிழாவுக்குக் கல்பாத்திக்குச் செல்கிறோம்; விருந்தினராகத் தங்கித் திரும்புகிறோம். அங்கிருந்து மாஹேக்கும் போவதுண்டு. 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி–மாஹே புறவழிச்சாலை ஊருக்கு வெளியே விரைகிறது. எங்கள் தோப்பு இருந்த இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. முளை அடித்த இடம் எந்த அரசாங்கத்தில் இருந்தது என்று இனிச் சொல்ல முடியாது. மரியான் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.

இறுதியாக ஒரு செய்தி. எங்களுள் மூத்தவரின் பேத்தி பிரான்சில் படிக்கிறாள். சென்ற கோடையில் தோழியரோடு செயின்ட் மாலோ என்னும் பழைய துறைமுக நகரின் அருகே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தாள். மதில் சூழ்ந்த அந்நகரம் 1944-ஆம் ஆண்டுப் போரில் பெரும்பாலும் அழிந்து, மீண்டும் கல்மேல் கல்லாக எழும்பியது. அங்கே கடல் வற்றும்போது வெகுதூரம் விலகிப் போகும் என்றும், பாறைமேல் நிற்கும் கோட்டைக்கு மணலில் நடந்தே போய் வந்ததாகவும் தொலைபேசியில் சொன்னாள். 1746-இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே 1699-இல் அந்த நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயர் மாஹே த லா பூர்தொனே. மய்யழிக்கு மாஹே என்ற பெயர் அவரால் வந்தது என்பாரும், மய்யழி என்பதே திரிந்து மாஹே ஆயிற்று என்பாரும் உண்டு. இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னோம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, பக்கத்துக் கூடாரத்துக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். கல்பாத்தி என்று சொல்லிவிட்டேன். நமக்கு அங்கே வீடே இல்லையே, நான் சொன்னது சரியா?" என்றாள்.

இம்முறை நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "சரிதான் அம்மா. விடுமுறைக்கு வா, காட்டுகிறோம்" என்றோம். வரும் ஐப்பசித் தேருக்கு அவள் வருகிறாள். அதன்பின் மாஹேக்கும் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். பழைய கித்தான் எப்போதோ மக்கிப் போயிற்று. இரும்பு முளைகள் மட்டும் மும்பை வீட்டுப் பால்கனியில் ஒரு சாக்கில் இருக்கின்றன. அவற்றைத் துரு நீக்கி வைத்திருக்கிறோம்.

நம் குடும்பங்களில் பெரியவர்கள் இத்தகைய கேள்விகளை ஒருமுறைதான் கேட்பார்கள். கேட்கும்போதே விடை கூறிவிடுங்கள். முடியாது என்பதும் விடைதான். அவர்கள் கேட்டதை நாம் கேட்டோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.